தொண்ணூற்று நாலு

வாரியம் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் சமன். நேர்காணல் எடுக்க வருகிறவர்கள் வைத்த பெயர் மாமியார். எதைச் சொன்னாலும் நம்பாது, வைத்த கண் வாங்காமல் முகத்தையே பார்க்கும், கடைசியில் நாம் போட்டதில் கை வைக்கும். வேறு என்ன பெயர் பொருந்தும்?

பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் மூன்று சின்னக் கண்ணாடிக் கண்கள். வேலை கேட்டு வந்தவரை அது திரும்பியும் பார்க்காது. கேள்வி கேட்கிற மூன்று பேரைத்தான் பார்க்கும். அந்த மூவரும் இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர்ப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாடி, மூச்சு, தொண்டை அசைவு, கண் போகும் இடம் எல்லாம் பெட்டிக்குப் போகும். வந்தவர் வெளியே போன பிறகு மூவரும் ஆளுக்கு நூற்றுக்கு ஒரு மார்க் போட்டு, ஏன் போட்டோம் என்று இரண்டு வரி சொல்ல வேண்டும். அதற்குமேல் நடப்பது மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். யார் மார்க்கில் சாய்வு இருக்கிறதோ அதைத் திருத்தும். சாய்வு அளவுக்கு மீறினால் அந்த மார்க்கையே தள்ளிவிடும்.

மனிதன் சாயாமல் மார்க் போட மாட்டான், அதனால் அவனைத் திருத்தப் பார்க்காமல் அவன் சாய்வைக் கழித்துவிடுவோம் என்று யாரோ யோசித்ததன் பலன் அது. வந்த ஐந்தாறு வருடத்தில் நல்லதும் நடந்தது. தென்கடல் காற்று மின் வாரியத்தில் அதுவரை பார்த்திராத தெருக்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். சொந்தக்காரர் நேர்காணலில் உட்காரக் கூடாது என்ற பழைய விதியை வாரியம் எடுத்துவிட்டது. கடலுக்குள் காற்றாலைகளைக் கவனிக்கிற கடல்மேடை வேலை தெரிந்த பொறியாளர்கள் மொத்தமே நாற்பது பேர். ஒருவருக்கொருவர் உறவு, இல்லையென்றால் பகை. இரண்டையும் மாமியார் பார்த்துக்கொள்வாள் என்றார்கள்.

மாமியார் எதைப் பார்க்கிறாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் நேர்காணல் எடுப்பவர்களே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பிடித்தவர் உள்ளே வந்தால் நாடி துள்ளும். அதைக் கண்டு மார்க்கைக் குறைப்பாள். பிடிக்காதவர் வந்தால் முகம் சுருங்கும். பாவம் என்று கூட்டிப் போடுவாள். ஆகவே, தன் ஆளுக்கு வேலை வேண்டுமென்றால் அவனை முறைக்க வேண்டும். குழுவில் இருந்த கோமதிநாயகம் இதில் தேர்ந்தவர். தன் கல்லூரிப் பையன் யாராவது உள்ளே வந்தால் தன் கடைவாய்ப் பல்வலியை நினைத்துக்கொள்வார். ஒருமுறை அவர் முறைத்த முறைப்பில் அந்தப் பையன் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

பனிமேரி அந்தக் குழுவில் உட்கார ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. தூத்துக்குடியில் கரைக் கட்டுப்பாட்டு அறையில் மூத்த பொறியாளர். கடலுக்குள் நாற்பது கிலோமீட்டரில் நிற்கும் ஏழாம் மேடைக்குப் பொறுப்பாளராக இரண்டு வருடங்களுக்கு முன் அவளே விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. வேலை கிடைக்காத மூத்தவர்களை வேலை கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைப்பது வாரியத்தின் வழக்கம். கோபம் ஆறும் என்று நினைத்தார்கள் போல.

அந்த வருடம் ஏழாம் மேடைப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார். இடம் மறுபடி காலி. ஒருமுறை தோற்றவர் மூன்று வருடம் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம் என்பதால் பனிமேரி விண்ணப்பிக்க முடியாது. கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு பெயர்களை அவள் கையில் கொடுத்தார்கள். ஒன்று சுதர்சன். கோமதிநாயகத்தின் கல்லூரி. இன்னொன்று ரோஸ்லின். பனிமேரியின் கூடப்பிறந்த தங்கை.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அக்காவும் தங்கையும் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இவர்கள் இருவரும் அம்மாவும்தான். அம்மா கீழே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லிஸ்டுல எம் பேரு இருக்காக்கா?" என்றாள் ரோஸ்லின்.

"இருந்தா இருக்கும். நான் சொல்லப்புடாது."

"ஒன் மூஞ்சியே சொல்லுதே. அப்புறம் என்னத்த சொல்லப்புடாது?" ரோஸ்லின் பற்களுக்கிடையில் ஒரு கிளிப்பைக் கவ்விக்கொண்டு சிரித்தாள். "அம்மாட்ட மட்டும் மூச்சு விட்டுறாத. கெடச்சா, அக்காக்காரி தூக்கிவிட்டான்னு தெரு முழுக்கப் பேசும். கெடைக்கலன்னா அம்மா ஒன்னய சும்மா விடாது."

"எனக்கென்னட்டி பயம்? நான் என்னத்த போட்டாலும் மாமியா கழிச்சிருவா."

"அப்ப ஒண்ணு செய். நான் உள்ள வந்ததும் கடிச்சித் திங்கிற மாதிரி பாரு. ரெண்டு மார்க் கூடும்னு சொல்லுதாவ."

பனிமேரியும் சிரித்தாள். துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அந்தப் பேச்சு அவள் மனதில் திரும்பிப் படுத்தது. முறைத்தால் கூடும் என்றால், சிரித்தால்?

பொறாமை என்பது ஏதோ ஒருநாள் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ரோஸ்லினுக்கு ஒன்றரை வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் பனிமேரி அடிக்கோடிட்டு, கட்டம் போட்டு எழுதி வைத்த நோட்டையே ரோஸ்லின் அடுத்த வருடம் வாங்கிப் படிப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள் மதியம்தான் திறப்பாள். அக்கா எழுபத்தெட்டு வாங்கிய பாடத்தில் தொண்ணூறு வாங்கி வருவாள். "நோட்டு யாருது? எங்க அக்காது" என்று எல்லோரிடமும் பெருமையாகவும் சொல்வாள். அந்தப் பெருமைதான் தாங்க முடியாதது. அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் பனிமேரிக்கு வாழ்க்கை இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அக்கா போட்டுக் கழித்த பாவாடை தங்கைக்குத்தான் பொருத்தமாக இருந்தது. அம்மா இருவருக்கும் ஒரே அளவுதான் சோறு போட்டாள், ஆனால் ரோஸ்லின் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் அவள் குரல் மாறும். அதை அம்மாவே அறியமாட்டாள். பனிமேரி முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மேடை கிடைக்கவில்லை என்று கடிதம் வந்த அன்று ரோஸ்லின் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தின்று பெட்டியைக் காலி செய்தார்கள். அந்த இனிப்பைக்கூட இவள் எப்படிச் சரியாகத் தெரிந்துகொண்டு வாங்கினாள் என்று பனிமேரிக்கு எரிந்தது.

இப்போது அதே இடத்துக்கு அவள் வருகிறாள். வந்தால் கரையிலிருந்து பனிமேரி எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் கீழே ரோஸ்லின் கையெழுத்துப் போட வேண்டும். வாரியத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள், தங்கை சரி என்று சொன்னால்தான் சரி.

கூடாது என்று பனிமேரி முடிவு செய்தாள். குறைத்து மார்க் போட்டால் மாமியார் கண்டுபிடித்துக் கூட்டிவிடுவாள். அதனால் அள்ளிப் போட வேண்டும். சிரிக்க வேண்டும், நெகிழ வேண்டும். கூடப்பிறந்த பாசத்தில் அக்காக்காரி கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள் என்று மாமியார் நினைக்க வேண்டும். நினைத்து வெட்டித் தள்ள வேண்டும்.

நேர்காணல் காலை பதினொரு மணிக்கு. குழுத் தலைவர் வேலாயுதப்பெருமாள், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், நடுவில் உட்கார்ந்தார். இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் நயினார் மூவருக்கும் பட்டையைக் கட்டிவிட்டு மூலையில் போய் நின்றார். குறைவாகப் பேசும் மனிதர். அவரைப் பார்த்துக் கோமதிநாயகம், "மாமியா இன்னைக்குச் சாப்பிட்டாளா வே?" என்று கேட்டதற்குக்கூட ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்.

சுதர்சன் முதலில் வந்தான். பணியில் ரோஸ்லினைவிட மூத்தவன், நல்ல பையன். கேட்டதற்குப் பதில் சொன்னான். கோமதிநாயகம் பல்வலியோடு முறைத்தார். பனிமேரி எழுபது போட்டாள். அவன்மேல் அவளுக்குப் பொறாமை எதுவும் இல்லாததால் நியாயமாக இருப்பதற்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ரோஸ்லின். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, காதில் ஒரு பொட்டுத் தோடு. பனிமேரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். உடம்பு நம்ப வேண்டுமே என்பதற்காகப் பழைய ஞாபகங்களைத் தேடி எடுத்தாள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தன் விரலை நெரித்துப் பிடித்திருந்த கை. டைபாய்டில் கிடந்த ரோஸ்லின் வாயில் கஞ்சி ஊட்டியது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

வேலாயுதப்பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கடல்ல பதினாறு ஆம்பளைங்க. நடுவுல நீங்க ஒருத்தர். பதினஞ்சு நாள். ஒத்துவருமாம்மா?"

"நாலு வருசமா மூணாம் மேடையில இருக்கேன் சார். அங்க இருபத்தொரு பேர். கதவைத் தட்டிட்டு வரணும்னு சொல்லிக் குடுக்க மூணு மாசம் ஆச்சு. இங்க ஆளு கம்மி, ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்."

கோமதிநாயகம் தன்னை மறந்து சிரித்துவிட்டார். வேலாயுதப்பெருமாள் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைப் படித்தார். ஏழாம் மேடைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.

"புயல் வருது. மேடையில பதினேழு பேர். படகு ஒண்ணு. பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். ரெண்டாவது நடைக்கு நேரம் கிடையாது. யாரை அனுப்புவீங்க?"

இரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வியைப் பனிமேரியிடம் கேட்டார்கள். அவள் எட்டு நிமிடம் பதில் சொன்னாள். காயம்பட்டவர்கள் முதலில், பிறகு சின்னக் குழந்தை உள்ளவர்கள், பிறகு வயது, கடைசியில் தான். பலகையில் அட்டவணையே போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் சொன்னோம் என்று இன்றுவரை நினைத்திருந்தாள்.

ரோஸ்லின் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பதினேழு பேர் இருக்கிற மேடையில பன்னிரண்டு பேர் படகைக் கட்டி வச்சது யாரு சார்?"

"அது கேள்வி இல்ல."

"அதான் சார் கேள்வி. இந்தக் கணக்கை நான் போட மாட்டேன். போட்டுப் பழகிட்டா ரெண்டாவது படகு கேக்கணும்ங்கிறதே மறந்துபோயிரும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குப் படகுக்கு எழுதுவேன். வர்ற வரைக்கும் மேடையில பன்னிரண்டு பேருக்குமேல தங்க விட மாட்டேன். வேலை நின்னா நிக்கட்டும்."

"வாரியம் ஒத்துக்கலன்னா?"

"அப்ப இந்தக் கேள்விய வாரியத்துக்கிட்ட கேளுங்க சார். யாரை அனுப்புவீங்கன்னு."

வேலாயுதப்பெருமாள் தாளைக் கவிழ்த்து வைத்தார். பனிமேரிக்குத் தன் பதில் நினைவுக்கு வந்தது. எட்டு நிமிடம். அட்டவணை. பலகை. அந்த எட்டு நிமிடத்தில் ஒருகணம்கூடத் தனக்கு இது தோன்றவில்லையே. அவள் சிரிப்பைக் கலையாமல் பிடித்துக்கொண்டாள்.

ரோஸ்லின் வெளியே போனதும் மார்க் போட வேண்டும். எவ்வளவு போடலாம்? நூறு போட்டால் நடிப்பு என்று தெரிந்துவிடும். தொண்ணூற்று நாலு என்று வந்தது. போட்டாள். பிறகு பெட்டியைப் பார்த்துப் பேசினாள். "என்னைவிடத் தகுதியானவர். நான் எங்கே யோசிப்பதை நிறுத்தினேனோ அங்கிருந்து இவர் ஆரம்பிக்கிறார். இவரை விட்டால் ஏழாம் மேடைக்கு வேறு ஆள் இல்லை." சர்க்கரை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அக்கா தங்கைக்குள் இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று தன் திறமையை மெச்சிக்கொண்டாள்.

நான்காம் நாள் முடிவு வந்தது. ரோஸ்லின்.

பனிமேரி அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். தன் மார்க்கை மாமியார் வெட்டியிருப்பாள், அதில் சந்தேகமில்லை. அப்படியானால் அந்த இரண்டு ஆண்களும் சேர்ந்துதான் போட்டிருக்கிறார்கள். வேலாயுதப்பெருமாளும்! பெண் என்றால் மூக்கைச் சுளிக்கிற கிழவரையும் அரைமணி நேரத்தில் மயக்கிவிட்டு வந்திருக்கிறாள். தனக்கு யாரும் அப்படிப் போடவில்லையே.

வீட்டில் அம்மா வெள்ளைச் சீலா மீன் வாங்கிப் பொரித்தாள். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ரோஸ்லின் அக்காவின் தோளில் இடித்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சிரிச்ச? எனக்குப் பதிலே மறந்துரும்போல ஆயிருச்சு. முறைப்பன்னுல்லா நெனச்சேன்."

"வேற எப்படிப் பாக்கச் சொல்லுத?"

"எவ்ளோ போட்ட?"

"சொல்லப்புடாது."

"சரி, மார்க்க விடு. அந்தப் படகுக் கேள்விக்கு நான் சொன்னது சரியாக்கா? திமிராட்டம் இருந்துச்சோன்னு நாலு நாளாத் தூக்கம் இல்ல."

பனிமேரி குழாயை மூடினாள். "பரவால்ல" என்றாள்.

ரோஸ்லின் பதினொரு மாதம் ஏழாம் மேடையில் இருந்தாள். ஆறாவது மாதம் இரண்டாவது படகு வந்தது. அதுவரை உண்மையாகவே பன்னிரண்டு பேருக்குமேல் தங்க விடவில்லை. வாரியம் திட்டியது, விளக்கம் கேட்டது, கடைசியில் படகை வாங்கிக் கொடுத்தது. பனிமேரியின் அறிக்கைகள் போய்த் திரும்பின. ஒன்றில்கூட ரோஸ்லின் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஓரத்தில் 'நன்று' என்று சின்ன எழுத்தில் எழுதி அனுப்புவாள். அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பனிமேரிக்குப் புகைந்தது.

ஆடி மாதத்தில் ஒரு வெயில் நாள். புயல் எதுவும் இல்லை, தெற்கிலிருந்து கொஞ்சம் அலை மட்டும். படகிலிருந்து மேடைக்கு ஏறும் இரும்புப் பாலத்தில் ஒரு பிடிமானம் முறிந்தது. ஆள் மாறும் நாளில் முதலில் தான் நடந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை விடுவாள் என்பதால் பாலத்தில் ரோஸ்லின் மட்டும் இருந்தாள். மதியம் மூன்று இருபது. கரைக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் முன்னால் பனிமேரிதான் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

பொறாமைப்பட ஆள் இல்லாவிட்டால் பொறாமை போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. கல்லறைக்கு வந்த கூட்டத்தை அது எண்ணியது. மேடைக்காரர்கள் பதினாறு பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றதைப் பார்த்தது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று கேட்டது. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையைக் கண்டதும் பனிமேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு பெண்மணி. வாரியத்தின் வழக்கறிஞர் சங்கரலிங்கம் இனிமையாகப் பேசுகிறவர். பிடிமானம் துருப்பிடித்திருந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பொறுப்பாளரைப் பற்றியே பேசினார். பாலத்தைச் சோதிக்க வேண்டியது அவர். தகுதியில்லாதவரை அந்த இடத்தில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

"தேர்வுக் குழுவில் இருந்தவர் சொந்த அக்கா" என்றார். "போட்டது நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. அதே நாளில் வந்த இன்னொருவருக்கு எழுபது. இதற்குமேல் நான் என்ன சொல்ல வேண்டும்?"

நீதிபதி பனிமேரியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

பனிமேரி எழுந்து நின்றாள். முன்வரிசையில் மேடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், பாசத்தில் போட்டாள், பாவம் என்று போய்விடும். ரோஸ்லின் அக்கா தயவில் வேலை வாங்கி, வேலை தெரியாமல் செத்தவள் ஆகிவிடுவாள். அதுதான் தாளில் நிற்கும். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒவ்வொரு மார்க்கையும் பொறாமையோடு பார்த்தவளுக்குத் தெரியும், அதில் ஒன்றுகூட யார் தயவும் இல்லை.

"பாசத்துல போடலைங்க" என்றாள். "அவளுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாதுன்னுதான் தொண்ணூற்று நாலு போட்டேன்."

சங்கரலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"புரியலையே" என்றார் நீதிபதி.

பனிமேரி சொன்னாள். மாமியாரைப் பற்றி, முறைப்பதைப் பற்றி, சிரித்ததைப் பற்றி. "எனக்குக் கிடைக்காத இடம் அவளுக்குக் கிடைக்கிறது எனக்குப் பொறுக்கலங்க. கூடப் போட்டா மெஷின் வெட்டிரும்னு நெனச்சுப் போட்டேன். வெட்டித்தான் இருக்கும். மத்த ரெண்டு பேர் மார்க்லதான் அவ ஜெயிச்சா. என்னால இல்ல. அவ தகுதிக்குத்தான் அது."

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீதிபதி நயினாரைக் கூப்பிட்டு அன்றைய திருத்தச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். நயினார் உறையைப் பிரித்துப் படித்தார். அதே தாழ்ந்த குரல்.

"ரோஸ்லின். தலைவர் வேலாயுதப்பெருமாள் போட்டது நாற்பத்தொண்ணு. சாய்வு அதிகம், தள்ளுபடி. கோமதிநாயகம் போட்டது அம்பது. சாய்வு அதிகம், தள்ளுபடி. பனிமேரி போட்டது தொண்ணூற்று நாலு." நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சாய்வு, பூஜ்யம். திருத்தம் இல்லை."

"தப்பா இருக்கும்" என்றாள் பனிமேரி.

"இல்லம்மா."

"நான் சிரிச்சேன். நாடியெல்லாம்..."

"சிரிக்கிறதும் முறைக்கிறதும் அதுக்குக் கணக்கே இல்லம்மா." நயினார் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் பதில் சொல்லும்போது கேக்குறவங்க உள்ளுக்குள்ள எங்க ஒத்துக்கிறாங்க, எங்க ஒத்துக்கலன்னு அது பாக்கும். கடைசியில மார்க்கையும் பாக்கும். காது கேட்டதுக்கும் கை போட்டதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், அவ்வளவுதான் சாய்வு. இவங்க கேட்டதும் தொண்ணூற்று நாலு, போட்டதும் தொண்ணூற்று நாலு."

"இத்தனை வருஷமா எல்லாரும் முறைச்சுக்கிட்டு இருந்தாங்களே?"

"இருந்தாங்கம்மா."

"நீங்க சொல்லல?"

"எதைப் பாக்குதுன்னு சொன்னா அதையும் ஏமாத்தக் கத்துக்குவாங்கன்னு உத்தரவு."

நீதிபதி சீட்டை வாங்கிப் பார்த்தார். "இவங்களும் குறைச்சுப் போட்டிருந்தா?"

"மூணும் தள்ளுபடி ஆகியிருக்கும். அப்படி ஆனா பணி மூப்புப்படி. சுதர்சன் போயிருப்பார்."

"அப்போ இவங்க மார்க் ஒண்ணுலதான்..."

"ஆமாம்மா. இவங்க ஒரு மார்க்லதான்."

தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது போலத்தான். தேர்வில் குறை இல்லை, குறை பாலத்தில் என்று நீதிபதி எழுதிக்கொண்டார். மேடைக்காரர்களில் ஒருவர் எழுந்து வந்து பனிமேரியின் கையைப் பிடித்தார். கையைப் பிடிப்பதா விடுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பிடித்துவிட்டு உடனே விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். முறைத்துக்கொண்டு அறுபது போட்டிருந்தால் போதும். ஒரு சாதாரண, நேரான பொறாமை போதும். தங்கை இப்போது மூன்றாம் மேடையில் யாருக்கோ கதவைத் தட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். கெட்டிக்காரத்தனமாகப் பொறாமைப்பட்டதில் உண்மையைச் சொல்லித் தொலைத்தாயிற்று.

வீட்டில் அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு பேச்சு உண்டு. என் பிள்ளையை அந்த இடத்துக்குப் பொறுக்கி எடுத்தவன் கை விளங்காது என்பாள். அடுப்பைப் பற்றவைக்கும்போது, ஜெபமாலையை மாட்டும்போது, கதவைச் சாத்தும்போது என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பனிமேரி கேட்டும் கேட்காததுபோல் இருப்பாள். வெட்டப்பட்ட மார்க்குக்கு அந்தச் சாபம் சேராது என்று ஒரு ஆறுதல் இருந்தது.

"என்ன சொன்னாவ?" என்றாள் அம்மா.

"அவ மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதாக்கும்." அம்மா ஒரு வெங்காயத்தை முறத்தில் போட்டாள். "அவளப் பொறுக்குனவன் எவன்னு கேட்டியா? அவன் பேரச் சொன்னாவளா?"

பனிமேரி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தாம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் குழுவுல நான் இருந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், ஒன்கிட்டதான் சொல்லல. மத்த ரெண்டு பேரும் வேண்டாம்னுதான் போட்டாங்க. என் மார்க்லதான் அவ போனா. அவள மாதிரி ஒரு பதில அந்த அறையில யாரும் சொன்னதில்லம்மா. நானும் சொல்லல. எனக்குப் பொறுக்கல, ஆனா அவதான் சரியான ஆளு. அது எனக்குத் தெரிஞ்சிருக்கு."

அம்மாவின் கை முறத்துமேல் அப்படியே நின்றது. திட்டுவாள் என்று பனிமேரி காத்திருந்தாள். இத்தனை மாதச் சாபமும் மொத்தமாக வந்து விழட்டும் என்று, அதை வாங்கிக்கொள்ளத் தயாராக, தலையைக் கொஞ்சம் குனிந்துகூடக் கொண்டாள்.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். கோபமே இல்லாத குரல்.

"இத அவகிட்ட சொன்னியாட்டி?"